ட்ரையல் விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸுக்கு மாற்றுவது எப்படி

கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர், தமிழ் வகுப்பு நடக்கும் ஹாலில் இருக்கும் லேப்டாப், சின்ன கணக்கு அலுவலகத்து சர்வர் என்று டர்பன் பக்கம் எத்தனையோ இயந்திரங்கள் ட்ரையல் விண்டோஸில் ஓடுகின்றன. தெரிந்தவர் ஒருவர் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் போட்டுக் கொடுத்திருப்பார். நாள் முடிகிற நேரத்தில் கமிட்டி கூடி, லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கும். பணம் வீணாவது பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எந்தப் பதிப்பு, அது கீயை (லைசென்ஸோடு வரும் 25 எழுத்துக் குறியீட்டை) ஏற்கும் வகையா என்று பார்க்காமல் வாங்கிய லைசென்ஸ் பயன்படாமல் போய்விடும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள்.

கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ‘எஸ்எல்எம்ஜிஆர்’ என்றால் அந்த ஐந்து எழுத்துகளும் இடைவெளி இல்லாமல். அதன்பின் ஒரு இடைவெளி, ஸ்லாஷ், ஸ்லாஷை ஒட்டி அடுத்த எழுத்துகள்.

முதலில் பதிப்பைப் பாருங்கள்

விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ‘வின்வெர்’ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பதிப்பின் பெயர் இருக்கும்; ட்ரையல் என்றால் எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் இருக்கும். திரையின் வலது கீழ் மூலையையும் கவனியுங்கள். நீங்கள் காணக்கூடியவை மூன்று வகை.

‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுதியிருந்து, பதிப்பு ஹோம் அல்லது ப்ரோ என்று இருந்தால் அது ட்ரையலே கிடையாது. முழு விண்டோஸ்தான், லைசென்ஸ் மட்டும் பாக்கி. வால்பேப்பர், நிறம் போன்ற தனிப்பயன் வசதிகள் பூட்டியிருக்கும், மற்றபடி வேலை செய்யும். இதற்குக் கீ போட்டாலே போதும்.

‘விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் எவாலுவேஷன்’ என்று இருந்தால் அது 90 நாள் ட்ரையல். இதற்கு எந்தக் கீ வாங்கினாலும் மேலேயே போட்டு முழுப் பதிப்பாக்க முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம். நாள் முடிந்ததும் திரை கறுப்பாகும், எச்சரிக்கை நிற்காமல் வரும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். பாதி அடித்த ரசீது அதோடு போய்விடும்.

‘விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் எவாலுவேஷன்’ அல்லது ‘டேட்டாசென்டர் எவாலுவேஷன்’ என்றால் 180 நாள். இதை மட்டும் நிறுவியபடியே, ஃபைல் எதுவும் போகாமல், முழுப் பதிப்பாக மாற்றலாம். அதன் முறை கடைசியில் வருகிறது.

வாங்கத் தேவையே இல்லாமல் இருக்கலாம்

பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் வாங்கும்போதே ஹோம் அல்லது ப்ரோ லைசென்ஸ் அதன் மதர்போர்டில் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் கீயை ஸ்டிக்கராக ஒட்டாமல் மதர்போர்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே வைக்கிறார்கள். அதன்மேல் யாரோ எவாலுவேஷனைப் போட்டிருந்தால், பழைய லைசென்ஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். அதே பதிப்பைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தால் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10 அல்லது 11-உடன் வந்த இயந்திரம் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள், செலவு வெறும் டேட்டாதான். விண்டோஸ் 7, 8 காலத்துக் கீயை நம்பி உட்கார வேண்டாம். அவற்றால் புதிதாக 10, 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

எந்த லைசென்ஸ் வாங்குவது

அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ப்ரோ வாங்குங்கள். எண்டர்பிரைஸ் கடையில் பெட்டியாகக் கிடைக்காது. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் ஒப்பந்தம் அல்லது சந்தா வழியாகத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் ஒரு ப்ரோ லைசென்ஸுக்கு மேல்தான் உட்காரும். ‘எண்டர்பிரைஸ் கீ, சில நூறு ராண்ட்’ என்று ஆன்லைனில் விளம்பரம் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

தனியாகக் கடையில் விற்கும் ரீடெயில், கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் என்று இரண்டு வகை உண்டு. ரீடெயில் கீயை நாளைக்குக் கம்ப்யூட்டர் கெட்டால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் முதலில் ஏறிய மதர்போர்டோடு கட்டப்பட்டது, போர்டு போனால் அதுவும் போகும். மின்சாரம் திடீரென்று போய்த் திடீரென்று வரும் ஊரில் போர்டு எரிவது புதிதல்ல. விலை கூடினாலும் ரீடெயிலே நல்லது என்பது எங்கள் கருத்து.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே இயந்திரம் தாங்குமானால் 11-ஐ நிறுவுங்கள். 10 ப்ரோவின் ரீடெயில் கீ 11 ப்ரோவையும் ஆக்டிவேட் செய்யும்.

வாட் எண்ணோடு கூடிய டாக்ஸ் இன்வாய்ஸ் கேட்டு வாங்குங்கள். கோயில் கணக்குக்கும் அது வேண்டும், பிறகு கீ பிரச்சினை செய்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரமும் அதுதான். இன்னொன்று: தென்னாப்பிரிக்காவின் 2002-ம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம் தனிநபர் ஆன்லைனில் வாங்கியதை 7 நாளுக்குள் திருப்ப உரிமை தருகிறது. ஆனால் வாங்கியவர் முத்திரை உடைத்த மென்பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. கீ உள்ள அட்டை கைக்கு வந்ததும் உறையில் உள்ள பதிப்பின் பெயரையும் உங்கள் திட்டத்தையும் ஒப்பிடுங்கள். அதுவரை உறையைப் பிரிக்கவோ, கீயை மூடிய வெள்ளிப் பூச்சைச் சுரண்டவோ வேண்டாம்.

சுரண்டும்போது நாணயத்தால் அழுத்திக் கீறாதீர்கள். எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும். நகத்தால் மெதுவாகத் தேய்த்து, தெரிந்தவுடன் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கீயில் ஐந்தைந்தாக 25 எழுத்துகள். ஏ, ஈ, ஐ, எல், ஓ, எஸ், யூ, இசட் என்ற ஆங்கில எழுத்துகளும் 0, 1, 5 என்ற எண்களும் அதில் வரவே வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது சைபரா ஓவா என்று குழம்ப வேண்டாம்; அது கியூ அல்லது டி. உண்மையில் ஏமாற்றுவது பி-யும் 8-ம், ஜி-யும் 6-ம். இந்த நான்கும் கீயில் வரும். கீ ஏறவில்லை என்றால் முதலில் இவற்றை மாற்றிப் பாருங்கள்.

முழு விண்டோஸில் கீ போடுவது

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். அங்கே ‘சேஞ்ச் ப்ராடக்ட் கீ’ வரியில் ‘சேஞ்ச்’ பொத்தான். 25 எழுத்தையும் அடியுங்கள், கோடு தானாக வரும். நெக்ஸ்ட், ஆக்டிவேட். விண்டோஸ் 10-ல் இதே பக்கம் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’க்குள் இருக்கும். ஹோமில் ப்ரோ கீ போட்டால் அது பதிப்பையே உயர்த்தும், ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

எண்டர்பிரைஸ் எவாலுவேஷனைத் துடைத்து ப்ரோ நிறுவுவது

எவாலுவேஷனுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டினால் ‘எதையும் வைத்துக்கொள்ளாதே’ என்ற ஒரே வழியைத்தான் அது காட்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிப்பின் பெயரை மாற்றி செட்டப்பை ஏமாற்றும் வித்தை ஒன்று சுற்றிவருகிறது. மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை, அலுவலக இயந்திரத்தில் அதைச் செய்ய வேண்டாம். நேராகத் துடைப்பதே பாதுகாப்பு.

அதற்கு முன் பேக்கப். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுப்பார்கள். விட்டுப்போவது வேறு: அவுட்லுக்கின் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பழைய பிரிண்டரின் டிரைவர். தமிழ் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் இன்னொன்றும் உண்டு. பழைய விழா அழைப்பிதழ்கள், தேவாரத் தாள்கள் எல்லாம் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருவையும் எடுத்தாக வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து அந்த ஃபைலை நகலெடுங்கள். எடுக்காமல் துடைத்தால் ஃபைல் திறக்கும், ஆனால் தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். தமிழ் தட்டச்சுக்கு எந்த மென்பொருள், எந்த விசைப்பலகை முறை என்பதையும் குறித்துவையுங்கள். அழைப்பிதழ் அடிப்பவர் அடுத்த நாளே கேட்பார்.

டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் அதன் ரிகவரி கீயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிரைவில் டேட்டா இருந்தால் இது உயிர்நாடி.

பிறகு 8 ஜிபி யுஎஸ்பி ஒன்று. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி அதை ஓட்டினால், இன்ஸ்டாலரை அதுவே யுஎஸ்பியில் எழுதும். 5 ஜிபிக்கு மேல் இறங்கும். ஃபைபர் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் இரவு டேட்டா பண்டிலில் இறக்குவது மலிவு.

யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது கம்ப்யூட்டரை அதிலிருந்து எழுப்புங்கள். கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ப்ரோவை எடுங்கள். கீயைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒரு எழுத்துப் பிழையால் நிறுவுதல் நடுவில் நிற்காது. பட்டியலே காட்டாமல் நேராக ஹோம் நிறுவ ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். ஃபர்ம்வேரில் ஹோம் கீ இருக்கிறது என்று அர்த்தம். முடித்துவிட்டு செட்டிங்ஸில் ப்ரோ கீ போட்டு உயர்த்துங்கள். பழைய பார்ட்டிஷன்களை நீக்கி, ஒதுக்கப்படாத இடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் தட்டினால் தேவையானவற்றை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். டிரைவ் இரண்டு இருந்தால் எதை நீக்குகிறோம் என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யாமல் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் மின்சாரம் இருக்கும்போது நடக்க வேண்டும். லோட் ஷெடிங் அட்டவணை அமைதியாக இருக்கும் மாதங்களிலும் ஏரியா கேபிள் பழுது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியை நிரப்பி, சார்ஜரையும் விடாமல் வையுங்கள்.

கடிகாரம்தான் பல நேரம் குற்றவாளி

புதிதாக நிறுவியதும் டைம் ஜோன் பெரும்பாலும் அமெரிக்க பசிபிக் நேரத்தில் நிற்கும். பலர் ஜோனை விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் திருத்துகிறார்கள். அப்போது திரையில் சரியான நேரம் தெரியும், ஆனால் உள்ளே கணக்கு ஒன்பது பத்து மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். ஆக்டிவேஷன் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை விண்டோஸ் அந்த உள் நேரத்தை வைத்துத்தான் சோதிக்கிறது. தள்ளிப்போனது அதிகமானால் 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற பிழை வரும். ஜோனை ‘ஹராரே, பிரிட்டோரியா’, அதாவது யுடிசி கூட்டல் 2 என்று வைத்து, ‘சிங்க் நௌ’ தட்டுங்கள்.

கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிதில் 3 வோல்ட் காட்டும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிடிப்பானின் சின்ன நாக்கை ஒதுக்கினால் பேட்டரி எழும்பி வரும். எழுத்துள்ள பக்கம் வெளியே தெரியும்படி புதியதைப் போட்டு, பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) தேதியைத் திருத்துங்கள். இதை மாற்றாமல் எத்தனை முறை ஆக்டிவேட் தட்டினாலும் பலன் இராது.

மற்ற பிழை எண்கள், சுருக்கமாக:

0எக்ஸ்சி004எஃப்050: கீ தவறு. எழுத்துப் பிழையைத் தேடுங்கள்.
0எக்ஸ்சி004எஃப்069: இந்தப் பதிப்புக்கு இந்தக் கீ பொருந்தாது. எவாலுவேஷனில் ப்ரோ கீயைத் திணிக்கும்போது வருவது பெரும்பாலும் இதுதான்.
0எக்ஸ்சி004சி008: கீ அனுமதித்ததைவிட அதிக கம்ப்யூட்டர்களில் ஏறிவிட்டது. புதிதாக வாங்கிய கீயில் இது வந்தால் விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள்.
0எக்ஸ்சி004சி003: மைக்ரோசாஃப்ட் கீயைத் தடுத்துவிட்டது. இதற்கும் அதே பதில்.
0எக்ஸ்8007232பி: வால்யூம் பதிப்பு நிறுவியிருக்கிறீர்கள், அது உள்ளூர் கேஎம்எஸ் சர்வரை (நிறுவனத்துக் கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்யும் சர்வரை) தேடிக் காணாமல் தவிக்கிறது. உங்களுக்கென்று தந்த கீயைப் போட்டால் தேடுவதை நிறுத்தும்.

வாங்கியது நிஜமா என்று சோதிப்பது

ஆக்டிவேட் ஆனதோடு எழுந்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டில் கமாண்ட் ப்ராம்ப்டைத் தேடி, வலது க்ளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, ஸ்லாஷ் எக்ஸ்பிஆர். ‘நிரந்தரமாக ஆக்டிவேட் செய்யப்பட்டது’ என்ற பொருளில் செய்தி வர வேண்டும். அதற்குப் பதில் ஒரு முடிவுத் தேதி வந்தால், ‘ஆயுள் லைசென்ஸ்’ என்று விற்றவர் யாரோ ஒருவருடைய கேஎம்எஸ் சர்வருக்கு உங்கள் கம்ப்யூட்டரைக் கட்டியிருக்கிறார். அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், இடையில் அந்த சர்வர் புதுப்பித்தால் ஓடும், இல்லையென்றால் போகும்.

அடுத்து எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் டிஎல்ஐ. வரும் பெட்டியில் சேனல் எது, அதாவது கீ எந்த வகையில் விற்றது என்று பாருங்கள். ரீடெயில் விலை கொடுத்திருந்தால் ‘ரீடெயில்’ என்று இருக்க வேண்டும். ‘வால்யூம் எம்ஏகே’ என்று வந்தால் அது ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த கீ, உங்கள் கோயில் பெயரில் இல்லை. இன்று வேலை செய்யும், அந்த நிறுவனம் புகார் செய்த நாளில் தடைபடும். பாக்கெட்டோடு ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு புரோகிராம் கொடுத்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் ஓட்டவே ஓட்டாதீர்கள். உறுப்பினர் பட்டியலும் வங்கி விவரமும் உள்ள கம்ப்யூட்டர் அது.

சோதனை சரியானால் அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேருங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது’ என்று மாறும். போர்டு மாற்றிய பிறகு அங்கேயே உள்ள ட்ரபிள்ஷூட்டர் வழியாக மீட்க இதுதான் கைகொடுக்கும். தனி ஒருவருடைய ஈமெயிலைப் போடாமல் அமைப்பின் பொது ஈமெயிலைப் போடுங்கள். பொறுப்பாளர் மாறினாலும் லைசென்ஸ் அமைப்போடு இருக்கும்.

சர்வர் எவாலுவேஷன்

நிறுவிய முதல் 10 நாளுக்குள் இணையம் வழியாக எவாலுவேஷனை ஒருமுறை ஆக்டிவேட் செய்யாவிட்டால் சர்வர் தானாக அணையத் தொடங்கும். 180 நாள் நெருங்கியும் லைசென்ஸ் வரவில்லை என்றால், எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ரீஆர்ம் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் காலம் புதுப்பிக்கும். எத்தனை முறை மீதம் என்று ஸ்லாஷ் டிஎல்வி காட்டும்.

மாற்றும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: சர்வர் மேனேஜரில் ‘ஏடி டிஎஸ்’ (ஆக்டிவ் டைரக்டரி சேவை) இருக்கிறதா? இந்த சர்வர் டொமைன் கண்ட்ரோலர், அதாவது அலுவலகத்துப் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது என்றால் அப்படியே மாற்ற முடியாது. இன்னொரு சர்வரை டொமைன் கண்ட்ரோலராக்கி, எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளை (டொமைனின் தலைமைப் பொறுப்புகளை) அதற்கு மாற்றி, இதைப் பதவி இறக்கி, பதிப்பை மாற்றியபின் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வேலை. ஆகவே ட்ரையல் சர்வரில் டொமைன் வைக்கும் முன்பே லைசென்ஸைப் போடுவது புத்தி.

அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘டிஐஎஸ்எம் ஸ்லாஷ் ஆன்லைன் ஸ்லாஷ் கெட்-டார்கெட்எடிஷன்ஸ்’ கொடுத்தால் எதற்கெல்லாம் மாறலாம் என்று பட்டியல் வரும். ஸ்டாண்டர்ட் எவாலுவேஷன் ஸ்டாண்டர்டாகவோ டேட்டாசென்டராகவோ மாறும். டேட்டாசென்டர் எவாலுவேஷன் ஸ்டாண்டர்டாக இறங்காது. ட்ரையல் இறக்கும்போது பெரியதை எடுத்துவிட்டு, வாங்கும்போது சின்னதை வாங்கியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

பிறகு: டிஐஎஸ்எம், ஸ்லாஷ் ஆன்லைன், ஸ்லாஷ் செட்-எடிஷன், ஒட்டி முக்காற்புள்ளி, ஒட்டி ‘சர்வர்ஸ்டாண்டர்ட்’. இடைவெளி விட்டு ஸ்லாஷ் ப்ராடக்ட்கீ, முக்காற்புள்ளி, கோடுகளோடு 25 எழுத்து. இடைவெளி, ஸ்லாஷ் அக்செப்ட்யூலா. எண்டர். பத்து சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைக்காதீர்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுந்து அணையலாம். 1168 என்று பிழை வந்தால் கீயும் நீங்கள் கேட்ட பதிப்பும் பொருந்தவில்லை.

வால்யூம் ஒப்பந்தத்தில் வாங்கிய எம்ஏகே கீ என்றால் இரண்டு படி. மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் உங்கள் பதிப்புக்கான பொது வால்யூம் கீயை டிஐஎஸ்எம் கட்டளையில் கொடுத்து மாற்றுங்கள். எழுந்தபின் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ஐபிகே, இடைவெளி, உங்கள் எம்ஏகே கீ. அதன்பின் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ஏடிஓ கொடுத்தால் ஆக்டிவேட் ஆகும்.

சர்வர் லைசென்ஸ் விலையை மட்டும் பார்த்துக் கமிட்டியிடம் தொகை சொல்லிவிடாதீர்கள். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் லைசென்ஸ் வேண்டும். அதோடு சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒரு சிஏஎல் (சர்வரை அணுகும் லைசென்ஸ்) தனியாக வாங்க வேண்டும். சாதாரண சிஏஎல்லை எங்கும் அடித்து ஏற்றும் வேலை இல்லை, காகிதம்தான் ஆதாரம். ரிமோட் டெஸ்க்டாப் சிஏஎல்லை மட்டும் லைசென்ஸ் சர்வரில் நிறுவ வேண்டும்.

பின்னொரு நாள் கம்ப்யூட்டரைக் கழிக்கும்போதோ விற்கும்போதோ, ரீடெயில் கீயாக இருந்தால் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் யூபிகே கொடுத்து அதிலிருந்து கீயை நீக்கிவிட்டு, புதிய கம்ப்யூட்டரில் போடுங்கள்.